நடுவில் இருந்தவர்களைத் தேடி: தாஷ்கண்ட் முதல் கீவா வரை

திங்கள், தாஷ்கண்ட்

பட்டுச் சாலை என்றதும் ஒரு முனையில் சீனா, மறுமுனையில் ரோம், நடுவே ஒட்டகங்கள் நடக்கிற ஒரு பெரிய வெற்றிடம் என்றுதான் பலரும் நினைத்துக்கொள்கிறோம். பள்ளிக்கூட வரைபடத்திலும் அப்படித்தான்: இரண்டு பெயர்கள், இடையில் ஒரு கோடு. இந்த வாரம் அந்தக் கோட்டின் நடுப்பகுதியில் இருக்கிறேன். உஸ்பெகிஸ்தானில் தாஷ்கண்ட், சமர்கண்ட், புகாரா, கீவா என்று போவதாகத் திட்டம். அன்றன்று பார்த்ததை அன்றன்றே எழுதிப் போடுகிறேன்.

முனைகளில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் சரியாகத் தெரிந்துகொள்ளவே இல்லை. கி.பி. 97-இல் சீனத் தரப்பிலிருந்து கான் யிங் என்ற தூதர் ரோமை நோக்கிப் புறப்பட்டார். இன்றைய ஈரான் பகுதியை ஆண்ட பார்த்தியர்களின் நாட்டைத் தாண்டிக் கடற்கரை வரைக்கும் வந்தும் விட்டார். அங்கே மாலுமிகள் அவரிடம், "காற்று ஒத்துழைத்தால் 3 மாதம், இல்லாவிட்டால் 2 வருடம் ஆகும், 3 வருடத்துக்கான உணவோடுதான் கப்பல் ஏறுவார்கள், வீட்டு நினைப்பிலேயே செத்துப்போனவர்களும் உண்டு" என்று சொன்னதாகச் சீன வரலாறு பதிவு செய்கிறது. அவர் திரும்பிவிட்டார். ரோமும் சீனாவும் நேரடியாகப் பேசிக்கொண்டால் பார்த்தியர்களுக்குத்தான் நஷ்டம் என்பதால் மாலுமிகள் வேண்டுமென்றே பயமுறுத்தியிருக்கலாம் என்பது வரலாற்று ஆசிரியர்களின் ஊகம். நானும் அதை நம்புகிறேன். இரண்டு பெரிய பேரரசுகள் சந்திப்பதா வேண்டாமா என்பது நடுவில் இருந்தவர்கள் கையில் இருந்திருக்கிறது.

தாஷ்கண்ட் என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது 1966. இந்தியாவும் பாகிஸ்தானும் சோவியத் நாட்டின் மத்தியஸ்தத்தில் இங்கேதான் கையெழுத்திட்டன. மறுநாள் அதிகாலை லால் பகதூர் சாஸ்திரி இங்கேயே காலமானார். அவருடைய மார்பளவுச் சிலையைப் பார்த்துவிட்டு, மதியம் ஹஸ்ராத்தி இமாம் வளாகத்துக்குப் போனேன்.

அங்கே இருப்பது உலகின் மிகப் பழைய குர்ஆன் பிரதிகளில் ஒன்று. 656-இல் கொல்லப்பட்ட கலீபா உஸ்மானுடைய பிரதி என்பது மரபு. எழுத்தின் அமைப்பை வைத்து 8-ஆம் நூற்றாண்டோ அதற்குச் சற்றுப் பின்னரோ இருக்கும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. தோலில் எழுதியது. ஒரு பக்கத்தில் ஒரு டஜன் வரிகள்தான், எழுத்துகள் அவ்வளவு பெரியவை. சமர்கண்டைத் தலைநகராக்கி ஆண்ட பேரரசர் தைமூர் இதை இராக்கிலிருந்து சமர்கண்டுக்குக் கொண்டுவந்தார் என்கிறார்கள். 1869-இல் ரஷ்யர்கள் புனித பீட்டர்ஸ்பர்க்குக்கு எடுத்துப் போனார்கள். புரட்சிக்குப் பிறகு ஊஃபா, அப்புறம் 1924-இல் தாஷ்கண்ட். ஒவ்வொரு முறை ஆட்சி மாறும்போதும் இந்தப் புத்தகமும் இடம் மாறியிருக்கிறது. இவ்வளவு கனமான தோல் ஏடுகளைப் பார்த்த பிறகு, காகிதம் வந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று கண்ணால் புரிந்தது. அதைப் பற்றி புதன்கிழமை.

செவ்வாய், சமர்கண்ட்

காலை ரயில். தாஷ்கண்டிலிருந்து 344 கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். 2011 முதல் ஓடும் இந்த அதிவேக ரயில் ஸ்பெயினில் செய்தது. அது தெரிந்ததும் எனக்கு கிளாவிஹோ நினைவுக்கு வந்தார். ஸ்பெயினின் காஸ்டில் அரசர் தைமூரிடம் அனுப்பிய தூதர் அவர். 1403 மே மாதம் கடலில் கிளம்பி, 1404 செப்டம்பரில் சமர்கண்ட் வந்து சேர்ந்தார். அவர் எழுதிவைத்த குறிப்புகள் வியாழக்கிழமை எனக்கு வேண்டியிருக்கும்.

இறங்கியதும் ஊரின் புகழ்பெற்ற சதுக்கமான ரெகிஸ்தானுக்குப் போகாமல் ஊருக்கு வடக்கே இருக்கும் மண்மேட்டுக்குப் போனேன். அஃப்ராசியாப் என்று பெயர். 1220-இல் மங்கோலியர்கள் அழிக்கும்வரை சமர்கண்ட் இங்கேதான் இருந்தது. இப்போது புல்லும் மண்ணும் ஆடுகளும்தான். ஆனால் 1965-இல் இங்கே சாலை போட மண்ணைத் தள்ளியபோது ஒரு மண்டபம் வெளிப்பட்டது, நான்கு சுவரிலும் ஓவியத்தோடு. மேல்பகுதியை இயந்திரம் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. கீழே மிஞ்சியதை ஓர் அருங்காட்சியகத்துக்குள் வைத்திருக்கிறார்கள்.

உள்ளே போனதும் நீலம். அத்தனை நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்தும் வெளுக்காத நீலம். காலம் ஏறக்குறைய 660. அப்போது சமர்கண்டை ஆண்டவர் வர்குமான் என்ற சோக்திய அரசர். மேற்குச் சுவரில் பல நாட்டுத் தூதர்கள் வரிசையாக வருகிறார்கள். சீனர்கள் கையில் பட்டுக்கூடுகளும் கச்சாப் பட்டு நூல்கண்டுகளும் இருக்கின்றன. ஓரமாக இரண்டு பேர், தொப்பியில் இரண்டிரண்டு இறகு செருகி, கைகளைச் சட்டைக் கைக்குள் மடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். கொரியாவின் கோகுர்யோ நாட்டவர் என்று அடையாளம் கண்டிருக்கிறார்கள். கிழக்குக் கடலோரத்து நாடு அது. 668-இல் சீனாவின் தாங் படைகளிடம் வீழ்ந்துவிட்டது. வீழ்வதற்குச் சில ஆண்டுகள் முன்னால் அந்த நாட்டு உடையில் இரண்டு பேர் மத்திய ஆசியாவின் ஒரு சுவரில் நிற்கிறார்கள். வடக்குச் சுவரில் சீன அரச மகளிர் படகில் போகிறார்கள். கிழக்குச் சுவர் மிகவும் சிதைந்துவிட்டது, அதில் இந்தியக் காட்சிகள் இருந்ததாகச் சிலர் சொல்கிறார்கள்.

நான் அதிக நேரம் நின்றது வெள்ளை அங்கி போட்ட ஒரு தூதரின் முன்னால். அவருடைய அங்கியின் மேலேயே சோக்திய எழுத்தில் அவர் பேச்சை எழுதிவைத்திருக்கிறார்கள். சாகானியான் என்ற பக்கத்து நாட்டிலிருந்து வந்த எழுத்தர் தலைவர் அவர். வந்த காரணத்தைச் சொல்லிவிட்டு, "என்னைப் பற்றிச் சந்தேகம் வேண்டாம், சமர்கண்டின் தெய்வங்களைப் பற்றியும் சமர்கண்டின் எழுத்தைப் பற்றியும் எனக்கு நன்றாகத் தெரியும்" என்கிற பொருளில் பேசுகிறார். உங்கள் சாமியையும் உங்கள் எழுத்தையும் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறேன் என்பதுதான் அவர் காட்டும் அடையாளச் சீட்டு.

சோக்தியர்கள் பெரிய சாம்ராஜ்யம் எதையும் கட்டவில்லை. சமர்கண்ட், புகாரா போன்ற நகரங்களில் இருந்துகொண்டு சீனா வரை வணிகச் சாத்துகளை அனுப்பினார்கள். அவர்களுடைய மொழிதான் வழி நெடுக வணிக மொழி. அவர்கள் வீட்டில் குழந்தை பிறந்தால் வாயில் கற்கண்டும் உள்ளங்கையில் பசையும் வைப்பார்களாம்: பேச்சு இனிக்க வேண்டும், காசு கையில் ஒட்ட வேண்டும். சீன வரலாற்று நூல் இதைக் கொஞ்சம் ஏளனத்தோடுதான் பதிவு செய்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த ஊரிலும் வெளியூர் வியாபாரியைப் பற்றி இப்படி ஒரு கதை இருக்கும்.

ஆனால் அவர்கள் எழுதிய கடிதங்களே கிடைத்திருக்கின்றன. 1907-இல் சீனாவின் துன்ஹுவாங்குக்கு மேற்கே, பாழடைந்த ஒரு காவல் கோபுரத்தில் தொல்லியலாளர் அவுரல் ஸ்டைன் ஒரு கடிதக் கட்டைக் கண்டெடுத்தார். ஏறக்குறைய கி.பி. 313-இல் எழுதப்பட்டவை, போய்ச் சேராமல் வழியிலேயே கிடந்தவை. ஒரு கடிதம் சமர்கண்டுக்கே முகவரியிட்டது. சீனத் தலைநகரம் லுவோயாங் எரிந்துவிட்டது, பேரரசர் ஓடிவிட்டார், அங்கே இருந்த இந்தியர்களும் சோக்தியர்களும் பட்டினியால் இறந்துவிட்டார்கள் என்று ஒரு வணிகர் எழுதுகிறார். அதே கடிதத்தில் கஸ்தூரியைப் பங்கு பிரிப்பது பற்றியும், தாய் தகப்பன் இல்லாத ஒரு பையனுக்காகப் போட்டுவைத்த பணத்தைப் பற்றியும் எழுதுகிறார். ஒரு பேரரசு சரிந்த செய்தியும் ஒரு பையனின் பணக்கணக்கும் ஒரே உறைக்குள்.

இன்னொரு கடிதம் மிவ்னாய் என்ற பெண் எழுதியது. கணவர் அவரையும் மகளையும் துன்ஹுவாங்கில் விட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா பேச்சையும் அண்ணன் தம்பி பேச்சையும் கேட்காமல் உன் பேச்சைக் கேட்டு வந்தேனே, உன் மனைவியாக இருப்பதைவிட ஒரு நாய்க்கோ பன்றிக்கோ மனைவியாக இருந்திருக்கலாம் என்று கணவருக்கு எழுதுகிறார். அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில், கோயில் பூசாரி ஒருவர் ஒட்டகமும் துணைக்கு ஓர் ஆளும் தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்கிறார். அவர் ஊர் திரும்பினாரா என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை. உலக வரலாற்றில் "வணிகத் தொடர்புகள்" என்று ஒரே வார்த்தையில் கடந்துபோகிற இடத்தில் இந்தப் பெண் இருக்கிறார்.

புதன், கோனிகில்

சமர்கண்டுக்குப் பக்கத்தில் சியாப் ஓடைக் கரையில் கோனிகில் என்ற கிராமம். பழைய முறையில் காகிதம் செய்யும் பட்டறை ஒன்று இங்கே இருக்கிறது. மல்பெரிக் கிளைகளின் பட்டையை உரித்து, மேல்தோலைச் சுரண்டிவிட்டு, உள்ளே இருக்கும் வெள்ளை நாரை மட்டும் மணிக்கணக்கில் வேகவைக்கிறார்கள். ஓடை நீர் ஒரு சக்கரத்தைச் சுற்ற, சக்கரம் மர உலக்கைகளைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது, நார் கூழாகிறது. ஒரு பெண் தொட்டிக்குள் சல்லடைச் சட்டத்தை அமிழ்த்தி, லேசாக ஆட்டி எடுத்தார். மேலே தண்ணீர் வடிய வடிய ஒரு மங்கலான தாள் உருவாகி நின்றது. அதைத் துணிமேல் கவிழ்த்து, அடுக்கி, பாரம் வைத்து, காயப்போட்டு, கடைசியில் வழவழப்பான கல்லால் தேய்க்கிறார்கள். தேய்க்காத தாளில் மை பரவுகிறது, தேய்த்ததில் பேனா வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. இரண்டிலும் எழுதிப் பார்த்தேன்.

எல்லா வழிகாட்டியும் சொல்லும் கதை ஒன்று உண்டு. 751-இல் தலாஸ் ஆற்றங்கரையில் அரபுப் படையும் சீனப் படையும் மோதின. அங்கே பிடிபட்ட சீனக் கைதிகள்தான் சமர்கண்டில் காகிதம் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள் என்பது கதை. 11-ஆம் நூற்றாண்டில் எழுதிய அல் தஆலிபியின் வழியாக வருவது இது. நல்ல கதைதான், ஆனால் எனக்கு நம்பிக்கை இல்லை. நேற்று எழுதிய அந்தக் கடிதங்கள் 4-ஆம் நூற்றாண்டிலேயே காகிதத்தில் எழுதப்பட்டவை. 400 ஆண்டுகளாகக் காகிதத்தில் கணக்கு எழுதி வந்த வணிகர்களுக்கு ஒரு போர்தான் காகிதத்தை அறிமுகம் செய்திருக்குமா? அதே தலாஸ் போரில் பிடிபட்ட து ஹுவான் என்ற சீனர் இராக் வரை போய், 762-இல் கப்பலில் ஊர் திரும்பி ஒரு பயண நூல் எழுதினார். அங்கே சீன ஓவியர்களையும் நெசவாளர்களையும் பார்த்ததாகச் சொல்கிறார். காகிதம் செய்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கைதிகள் கதை ஏன் இவ்வளவு பிடித்துப்போயிற்று என்று யோசித்தேன். ஒரு நாள், ஒரு போர்க்களம், ஒரு திருப்புமுனை என்றால் மனதில் நிற்கிறது. நடந்தது அதைவிட மெதுவானது. முக்கியமான மாற்றம் மூலப்பொருளில் நடந்தது. மல்பெரிப் பட்டைக்குப் பதிலாகக் கந்தல் துணியிலிருந்து, சணலிலிருந்து காகிதம் செய்யும் முறை மத்திய ஆசியாவிலும் மேற்காசியாவிலும்தான் நிலைபெற்றது. மல்பெரி வளராத ஊரிலும் கந்தல் துணி கிடைக்கும். அதனால்தான் காகிதம் மேலும் மேற்கே போக முடிந்தது. 8-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பாக்தாத், 12-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் ஹாத்திவா, 13-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபாப்ரியானோ. 1450களில் குட்டன்பெர்க் அச்சடித்தபோது அவருக்குக் கைகொடுத்ததும் இந்தக் கந்தல் காகிதம்தான். தோலில் மட்டும் அச்சடித்து ஐரோப்பா முழுக்கப் புத்தகம் பரப்பியிருக்க முடியாது. கந்தலைக் கூழாக்கலாம் என்று முதலில் யோசித்தவரின் பெயர் யாருக்கும் தெரியாது.

வியாழன், சமர்கண்ட்

இன்று தைமூரின் நாள். பீபி கானும் மசூதியின் நுழைவாயில் அண்ணாந்து பார்க்க வைக்கிற உயரம். 1398-இல் டெல்லியைச் சூறையாடிவிட்டு வந்து மறுவருடம் கட்டத் தொடங்கினார். டெல்லியிலிருந்து ஓட்டிவந்த யானைகள் இதற்குக் கல் இழுத்தன. கிளாவிஹோ சமர்கண்டில் அந்த யானைகளை நேரில் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார், ஐரோப்பியருக்கு அது அதிசயம்.

ஆனால் யானையைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அவர் மனிதர்களைப் பற்றி எழுதியது. டமாஸ்கஸிலிருந்து பட்டு நெசவாளர்கள், வில் செய்பவர்கள், கண்ணாடித் தொழிலாளர்கள். துருக்கியிலிருந்து கொத்தர்கள், வெள்ளி வேலைக்காரர்கள். தைமூர் எந்த ஊரை அழித்தாலும் கைவினைஞர்களைக் கொல்லாமல் இங்கே அனுப்பிவைத்தார். ஊருக்குள் இடமில்லாமல் மரத்தடியிலும் குகையிலும்கூட மக்கள் இருந்தார்கள் என்கிறார் கிளாவிஹோ. அமு தாரியா ஆற்றுத் துறையில் காவல் இருந்தது. சமர்கண்ட் பக்கம் வருபவரை யாரும் தடுக்க மாட்டார்கள், திரும்பிப் போக மட்டும் அனுமதிச் சீட்டு வேண்டும். பிடித்து வந்தவர்கள் வீட்டுக்குத் தப்பி ஓடக்கூடாது என்பதற்காக.

ஷா இ ஸிந்தா கல்லறைத் தெருவில் நடக்கும்போது இது மனதை விட்டுப் போகவில்லை. சுவர் முழுக்க நீலமும் பச்சையும் வெள்ளையுமாக ஓடுகள். பாரசீகத்துக் கொடிக் கோலம், சீனத்துத் தாமரை, எல்லாம் ஒரே சட்டத்துக்குள். கலைகளின் சங்கமம் என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள். சங்கமம்தான். தைமூர் காலத்து ஓடுகளில் எத்தனையை ஊருக்குத் திரும்ப முடியாத கைகள் பதித்தன என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். இங்கே செதுக்கு ஓடு ஒன்றை அருகில் பார்த்தேன்: பூசிய மெருகு பள்ளத்தில் தேங்கி, விளிம்பில் மெலிந்து, சூளைச் சூட்டில் ஒரு சொட்டு கீழே வழிந்து உறைந்திருக்கிறது. அந்தச் சொட்டைத் தொட்டுப் பார்க்க அனுமதி இல்லை.

மாலையில் தைமூரின் பேரன் உலுக் பெக்கின் வானாய்வுக் கூடம். 1420களில் கட்டியது. 1908-இல் வியாத்கின் என்ற ரஷ்யத் தொல்லியலாளர் தோண்டி எடுத்தார். ஏறக்குறைய 40 மீட்டர் ஆரம் கொண்ட ஒரு வளைவு. அதில் தரைக்குக் கீழே இருந்த பகுதி மட்டும் தப்பித்திருக்கிறது. இரண்டு பளிங்குத் தடங்கள் பூமிக்குள் சரிந்து இறங்குகின்றன, பக்கத்தில் பாகைக் கோடுகள். மேலே ஒரு துளை வழியாக விழும் சூரிய ஒளி இந்தத் தடத்தில் எங்கே படுகிறது என்று பார்த்து அளந்தார்கள். 1018 நட்சத்திரங்களுக்கு அட்டவணை போட்டார்கள். ஆண்டின் நீளத்தைக் கணித்ததில் பிழை ஒரு நிமிடத்துக்கும் குறைவு. தொலைநோக்கி வருவதற்கு இரண்டு நூற்றாண்டு முன்னால்.

இங்கே வேலை செய்தவர்களில் அல் காஷி ஈரானின் காஷானிலிருந்து வந்தவர், காஸி ஸாதா துருக்கியின் பூர்சாவிலிருந்து. 1449-இல் உலுக் பெக்கைச் சொந்த மகனே கொல்ல வைத்தான். கூடம் அழிந்தது, அட்டவணை அழியவில்லை. அலி குஷ்ஜி என்ற மாணவர் அந்த அறிவை இஸ்தான்புல்லுக்குக் கொண்டுபோனார். 1665-இல் ஆக்ஸ்போர்டில் அச்சாயிற்று. 18-ஆம் நூற்றாண்டில் ராஜா ஜெய் சிங் டெல்லியிலும் ஜெய்ப்பூரிலும் ஜந்தர் மந்தர் கட்டியபோது அவர் முன்னால் இருந்த முன்மாதிரிகளில் இதுவும் ஒன்று. பாட்டனார் டெல்லியிலிருந்து யானைகளைக் கொண்டுவந்தார். பேரனுடைய கணக்கு டெல்லிக்குப் போனது.

வெள்ளி, புகாரா

புகாரா சமர்கண்டைப் போல மிரட்டுவதில்லை, நடக்க நல்ல ஊர். 1127-இல் கட்டிய கல்யான் கோபுரம், குளத்தங்கரை, கூரை போட்ட பழைய சந்தைகள். தோக்கி சர்ராஃபோன் என்ற குவிமாடத்துக்குக் கீழேதான் நாணயம் மாற்றுபவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் முல்தான் பக்கத்து இந்துக்களும் இருந்தார்கள். வட்டிக்குக் கொடுப்பது, உண்டியல் (பணம் அனுப்பும் சீட்டு) எழுதுவது எல்லாம் இங்கிருந்து ரஷ்யாவின் அஸ்த்ரகான் வரை நடந்தது. கொஞ்ச தூரத்தில் புகாரா யூதர்களின் தொழுகைக்கூடம். 1991-க்குப் பிறகு பெரும்பாலானவர்கள் இஸ்ரேலுக்கும் நியூயார்க்குக்கும் போய்விட்டார்கள்.

எனக்கு இங்கே பார்க்க வேண்டியிருந்தது, சாமானியர் என்ற பெயர் கொண்ட அரச வம்சத்தின் கல்லறை. 10-ஆம் நூற்றாண்டு, முழுக்கச் செங்கல். ஓடு கிடையாது, வண்ணம் கிடையாது. செங்கல்லைப் படுக்க வைத்தும் நிமிர்த்தியும் சாய்த்தும் அடுக்கிய விதத்திலேயே சுவர் கூடை முடைந்த மாதிரி இருக்கிறது. வெயில் நகர நகர நிழல் மாறி, சுவரே மாறுகிறது.

இந்தச் சாமானிய அரசர்கள் அடித்த வெள்ளி திர்ஹம் நாணயங்கள் எங்கே கிடைக்கின்றன தெரியுமா? ஸ்வீடனில், பால்டிக் கடலில் உள்ள கோட்லாந்து தீவில், ரஷ்யக் காடுகளில், குடம் குடமாகப் புதைந்து கிடக்கின்றன. வைக்கிங்குகள் வோல்கா ஆற்று வழியாகக் விலங்குகளின் ரோமத் தோல்களையும் அடிமைகளையும் கொண்டுவந்து விற்று, இந்த வெள்ளியை வாங்கிப் போனார்கள். 921-இல் பாக்தாதிலிருந்து கிளம்பிய இப்னு ஃபத்லான் புகாரா வழியாகத்தான் வோல்காவுக்குப் போனார். வைக்கிங் தலைவன் ஒருவனைக் கப்பலோடு எரித்த சடங்கை நேரில் பார்த்து எழுதியவர் அவர்தான். வடக்கு ஐரோப்பாவின் அந்தக் காலத்து வாழ்க்கைக்கு நமக்கு இருக்கும் சிறந்த சாட்சிகளில் ஒன்று அரபு மொழியில் இருக்கிறது.

980-இல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த இப்னு சீனா இந்தச் சாமானியர்களின் நூலகத்தில்தான் படித்தார். அவருடைய மருத்துவ நூல் லத்தீனுக்குப் போய் 17-ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாடமாக இருந்தது.

இரவு விடுதியில் வேறொரு விஷயம் படித்தேன். வழி திறந்திருந்தால் எல்லாமும் வரும் என்பதற்கு அது சான்று. பக்கத்து கிர்கிஸ்தானில் இசிக் குல் ஏரியின் அருகே ஒரு பழைய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம். 1338, 1339 என்று தேதி போட்ட கற்கள் வழக்கத்துக்கு மாறாக மிக அதிகம்; சிலவற்றில் கொள்ளைநோயால் இறந்தவர் என்று சிரியாக் மொழியில் பொறித்திருக்கிறது. 2022-இல் வெளியான ஆய்வு அந்தப் பற்களில் பிளேக் கிருமியின் மரபணுவைக் கண்டுபிடித்தது. 1347-இல் அந்த நோய் சிசிலியில் கரையேறியது. சில ஆண்டுகளில் ஐரோப்பாவில் மூன்றில் ஒரு பங்கு மக்களாவது இறந்துபோனார்கள். கல்லறையில் இருந்தவர்களோடு புதைந்த முத்தும் கடற்சிப்பியும் அவர்களும் வணிக வழியில் வாழ்ந்தவர்கள் என்று காட்டுகின்றன.

சனி, கீவா போகும் வழியில்

ஆறேழு மணி நேரம் காரில், கிஸில்கும் பாலைவனத்தைக் கடந்து. மணல், குட்டைப் புதர், மறுபடி மணல். அமு தாரியா கண்ணில் படும்போது மனசு லேசாகிறது. ஆற்றை ஒட்டி வந்ததும் இரண்டு பக்கமும் பருத்தி. வெடித்து நிற்கிறது, அறுவடைக் காலம்.

இந்தப் பருத்தி மெக்சிகோவின் பருத்தி இனம், அமெரிக்கா வழியாக வந்தது. இங்கே தொன்றுதொட்டு வளர்ந்தது குட்டை நார்ப் பருத்தி. 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வெடித்ததும் உலக ஆலைகளுக்குப் பருத்தி வருவது நின்றது. பம்பாயில் பணம் கொட்டி, போர் முடிந்ததும் வியாபாரிகள் திவாலானார்கள். எகிப்து பருத்தியை நம்பிக் கடன் வாங்கி, கடனில் மூழ்கி, 1882-இல் பிரிட்டிஷ் பிடிக்குள் போனது. ரஷ்ய ஆலைகளுக்கும் அதே தட்டுப்பாடு. தாஷ்கண்ட் 1865-இல் ரஷ்யர் வசமானது, சமர்கண்ட் 1868-இல், கீவா 1873-இல் பணிந்தது. பருத்திக்காகவே ரஷ்யா வந்தது என்று ஒரே வரியில் முடிப்பது மிகை. பிரிட்டனோடு போட்டி, எல்லைத் தளபதிகளின் பதவி ஆசை எல்லாம் இருந்தன. ஆனால் வந்த பிறகு இந்த மண்ணை எதற்குப் பயன்படுத்துவது என்பதைப் பருத்திதான் முடிவு செய்தது. 1880களில் அமெரிக்க ரக விதை வந்தது, 1888-இல் ரயில் சமர்கண்டை எட்டியது. அப்புறம் சோவியத் திட்டக்காரர்கள் அமு தாரியாவையும் சிர் தாரியாவையும் வாய்க்கால்களில் திருப்பிவிட, 1960களில் உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்த ஆரல் கடல் வற்றத் தொடங்கியது. அதன் தென்பகுதி இன்று பெரும்பாலும் உப்புப் பாலை.

ஓட்டுநரின் அம்மா ஆசிரியை. சில ஆண்டுகள் முன்பு வரை அறுவடை வந்தால் ஆசிரியர்களும் மருத்துவர்களும் மாணவர்களும் பருத்தி பறிக்கப் போகவேண்டும், மறுக்க முடியாது. "இப்போது அது இல்லை" என்றார். பெருமையோடு சொன்னார். வயலில் குனிந்திருந்த பெண்களைக் காட்டி, "இவர்கள் கூலிக்கு வந்தவர்கள்" என்றார். அமெரிக்காவில் நடந்த அந்தத் தொலைதூரச் சண்டைக்கும் அந்த அம்மாவின் முதுகு வலிக்கும் தொடர்பு இருக்கிறது.

ஞாயிறு, கீவா

கீவாவின் மண்மதில் காலை வெயிலில் தேன் நிறம். மேற்கு வாசலுக்கு வெளியே கணித அறிஞர் அல் குவாரிஸ்மியின் சிலை, தரையில் உட்கார்ந்து குனிந்து யோசித்தபடி. பெயரிலேயே ஊரைச் சுமந்தவர்: இந்த குவாரஸம் பகுதி. பாக்தாதில் வேலை பார்த்தவர். இந்தியாவிலிருந்து பிரம்மகுப்தர் வழி வந்த கணிதம் 770களில் பாக்தாதை அடைந்தது. அந்த இந்திய எண்களை எப்படிக் கூட்டுவது, பெருக்குவது என்று 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவர் நூல் எழுதினார். அந்த நூலின் அரபு மூலம் இன்று இல்லை, லத்தீன் வடிவம்தான் மிஞ்சியிருக்கிறது. ஐரோப்பா இந்த எண்களை உடனே ஏற்கவும் இல்லை. 1202-இல் இத்தாலியக் கணித அறிஞர் ஃபிபொனாச்சி இவற்றைப் பற்றி எழுதிய பிறகும் வணிகர்கள் நூற்றாண்டுக் கணக்கில் தயங்கினார்கள். 1299-இல் ஃபிளாரன்ஸ் நகர நாணயம் மாற்றுவோர் சங்கம் கணக்கில் இந்த எண்களை எழுதவே தடை போட்டது.

கிழக்கு வாசலில் நின்றால் இன்னொரு வரலாறு. அடிமைச் சந்தை இங்கே இருந்தது. பாரசீகர்கள், ரஷ்யர்கள், பாலைவனத்தில் பிடிபட்ட யாராக இருந்தாலும். 1873-இல் ரஷ்யப் படை வந்த பிறகுதான் மூடினார்கள். இன்று அந்த வாசலில் கம்பளித் தொப்பி விற்கிறார்கள்.

குவாரஸத்துக்காரர்களில் எனக்கு மிகவும் நெருக்கமானவர் அறிஞர் அல் பிரூனி. 973-இல் இந்தப் பகுதியின் காத் நகரத்தில் பிறந்தவர். 1017-இல் கஜினி முகமது இந்த நாட்டைப் பிடித்தபோது பிரூனியையும் தன்னோடு கொண்டுபோனார். விருந்தாளியா கைதியா என்று சொல்வது கடினம். முகமதுவின் படைகள் இந்தியாவுக்குள் புகுந்த அதே வழியில் பிரூனியும் வந்தார், சமஸ்கிருதம் கற்றார், பண்டிதர்களோடு உட்கார்ந்து வாதிட்டார். பதஞ்சலியை அரபுக்குக் கொண்டுபோனார். கிரேக்க அறிஞர்களான யூக்ளிடையும் தாலமியையும் இந்தியர்களுக்காகச் சமஸ்கிருதத்தில் சொல்ல முயன்றார். 1030 வாக்கில் முடித்த நூலில், முகமதுவின் படையெடுப்புகள் அந்த நாட்டின் செழிப்பைப் பாழாக்கின, மக்கள் தூசியாகச் சிதறினார்கள், அதனால்தான் அவர்களுடைய அறிவியல் நம் கைக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது என்று எழுதினார். அந்த அரச குடும்பத்தின் சோற்றைத் தின்றுகொண்டே எழுதினார். இந்தியப் பண்டிதர்கள் தங்கள் நாட்டைத் தவிர வேறு நாடே இல்லை என்று நினைக்கிறார்கள், அவர்களுடைய முன்னோர் இப்படி இருக்கவில்லை என்றும் அதே நூலில் கடிந்துகொள்கிறார். இரண்டு பக்கத்தையும் நன்றாகத் தெரிந்த ஒருவரால்தான் இரண்டு பக்கத்திடமும் இப்படிக் கோபப்பட முடியும்.

காத் நகரக் கோட்டையை அமு தாரியா கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்றதையும் அவரே பதிவு செய்திருக்கிறார். அந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊருக்கு இப்போது அவர் பெயர்தான், பெருனி. ஆற்றுக்கு அக்கரையில். நாளை மாலைதான் உர்கெஞ்ச்சிலிருந்து விமானம் என்பதால், காலையில் அதே ஓட்டுநரோடு அங்கே போய்வரப் பேசியிருக்கிறேன்.